எல்லாத் தட்டும் சமம்! அமெரிக்காவுக்குக் கணக்கு சொல்லிக்கொடுத்த இன்னொரு ஏ.ஆர்.

ராத்திரி ஷிஃப்ட் முடிஞ்சு வல்லம் வடகால்ல இருந்து கிளம்புற கம்பெனி பஸ்ஸில் நீங்க ஏறியிருக்கீங்களா? ஏறியிருந்தா இந்தக் காட்சி தெரியும். பாதிப் பேர் தூக்கத்தில் இருப்பாங்க. மீதிப் பேர் காதில் இயர்போன். அதில் ஒருத்தர், தனக்கே தெரியாம, முன்சீட்டுக் கம்பியில் விரலால் தட்டிக்கிட்டே வருவார். டக் டக டக், டக் டக டக். எட்டு மணி நேரம் ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செஞ்ச விரல் அது. ஷிஃப்ட் முடிஞ்ச பிறகும் அது நிக்கலை.

ஸ்ரீபெரும்புதூருக்கும் ஒரகடத்துக்கும் நடுவுல இருக்கிற வல்லம் வடகால் சிப்காட் உங்களுக்கு அறிமுகமே வேண்டாத இடம். போன், கார், உதிரி பாகம்னு இந்தப் பக்கத்தில் தயாராகாத பொருள் கம்மி. 2024 ஆகஸ்ட்டில் 18,720 பெண்கள் தங்குற விடுதியைத் திறந்தாங்களே, அதுவும் இங்கதான். நீங்க இப்போ இதைப் படிச்சிட்டிருக்கிற போன்கூட இந்த வட்டாரத்தில் பொருத்தினதா இருக்கலாம். ஒரு ஸ்க்ரூ, ஒரு திருப்பு, அடுத்தது. ஒரு ஸ்க்ரூ, ஒரு திருப்பு, அடுத்தது.

திரும்பத் திரும்பச் செய்யறதுன்னாலே நமக்கு போர்தான். ஆனா, அதையே இசையாக்கி ஆட்களை உட்கார வெச்ச ஒரு கூட்டம் 1960-களில் அமெரிக்காவில் கிளம்புச்சு. அதுக்குப் பேர் மினிமலிசம். வீட்டுல இருக்கிற சாமானைக் குறைச்சு வாழற மினிமலிசம் இல்லை பாஸ், இது இசை. நாலஞ்சு ஸ்வரம், ஒரு சின்னத் தாளத் துண்டு, அவ்வளவுதான் சரக்கு. அதையே விடாம வாசிச்சு, நீங்க கவனிக்காத நேரமாப் பார்த்து மெதுவா மாத்துவாங்க. அந்தக் கூட்டத்தில் உலகம் முழுக்கத் தெரிஞ்ச பேர்களில் ஒண்ணு பிலிப் கிளாஸ். அவரோட ஆரம்பகால இசைக்கு வழிகாட்டின கணக்கு, ஒரு இந்தியத் தபேலாக்காரர்கிட்ட இருந்து வந்தது.

அந்தத் தபேலாக்காரர் பேர் அல்லா ரக்கா. எங்கேயோ கேட்ட மாதிரி இருக்கா? இருக்கணுமே! ஏ.ஆர்.ரஹ்மானோட முழுப் பேர் அல்லா ரக்கா ரஹ்மான். கடவுளால் காப்பாற்றப்பட்டவர்னு அந்தப் பேருக்கு அர்த்தம். நம்ம ஏ.ஆர். பிறக்கிறதுக்குப் பல வருஷம் முன்னாடியே, பம்பாய் சினிமாவில் ஏ.ஆர்.னு டைட்டில் கார்டில் பேர் போட்ட இந்த இன்னொருத்தரோட கதையைத்தான் இப்போ பார்க்கப்போறோம்.

கக்வால் டு லாகூர்

1919 ஏப்ரல் 29. ஜம்மு பக்கத்தில் கக்வால்னு ஒரு கிராமம். அங்க ஒரு விவசாயக் குடும்பத்தில் பிறந்தார் அல்லா ரக்கா. இந்துஸ்தானி இசையில் பெரிய பேர் எடுத்தவங்கள்ல பலர் இசைக் குடும்பத்துப் பிள்ளைகள். அப்பா, தாத்தா, கொள்ளுத்தாத்தான்னு வரிசையா வித்வான்களா இருப்பாங்க. இவருக்கு அந்த மாதிரி எந்த சிபாரிசும் கிடையாது. வீட்டில் தெரிஞ்ச தொழில், நிலத்தில் இறங்கி உழைக்கிறது.

12 வயசு இருக்கும்போது பஞ்சாபின் குர்தாஸ்பூரில், உறவுக்காரர் வீட்டில் இருந்தார். அங்கதான் தபேலா சத்தம் பையனைப் பிடிச்சுக்கிச்சு. அப்புறம் வேற எதுவும் மனசில் ஏறலை. தேடிப் போய்ச் சேர்ந்த குரு, மியான் காதர் பக்‌ஷ். பஞ்சாப் கரானாவோட தலைமகன்களில் ஒருத்தர். கரானான்னா, குரு சிஷ்ய வழியா தலைமுறை தலைமுறையா வர்ற ஒரு வாசிப்புப் பாணி. தபேலாவில் இப்படிச் சில பாணிகள் உண்டு. அதில் பஞ்சாப் பாணிக்கு ரெண்டு அடையாளம்: பக்வாஜ் எனும் பழைய மேளத்தில் இருந்து வந்த கம்பீரமான அடி, அப்புறம் சிக்கலான கணக்கு.

பையன் தாளத்தோட நிக்கலை. பாட்டியாலா வழியைச் சேர்ந்த ஆஷிக் அலி கானிடம் பாட்டும் கத்துக்கிட்டார். பின்னாளில் இது பெரிய பலமா ஆச்சு. பக்கத்தில் ஒருத்தர் ராகத்தை எந்தப் பக்கம் திருப்பப்போறார்னு முன்கூட்டியே தெரியணும்னா, வாசிக்கிறவருக்கு ராகமும் தெரிஞ்சிருக்கணும் இல்லையா?

ரேடியோ, சினிமா, அப்புறம் திரும்ப தபேலா

முதலில் லாகூரில் பக்கவாத்தியம் வாசிக்கிற வேலை. 1940-ல் பம்பாய் வானொலி. அந்த நிலையத்தோட முதல் தனி தபேலாக் கச்சேரி இவர் வாசிச்சதுதான். இப்போ கேட்டா இதுல என்ன இருக்குன்னு தோணும். ஆனா, அப்போ தபேலான்னா பாட்டுக்கும் சிதாருக்கும் பின்னாடி தாளம் போடுற வாத்தியம். அதைத் தனியா உட்கார வெச்சு ஊரைக் கேட்கச் சொன்னதே பெரிய விஷயம்.

அதுக்கப்புறம் சினிமா. ஏ.ஆர்.குரேஷிங்கிற பேரில் இந்தி, பஞ்சாபிப் படங்களுக்கு இசையமைச்சார். ராஜ் கபூர், நர்கிஸ் நடிச்ச 'பேவஃபா' (1952) அதில் ஒண்ணு. 1947-ல் நாடு பிரிஞ்சப்போ, அவர் தொழில் கத்துக்கிட்ட லாகூர் எல்லைக்கு அந்தப் பக்கம் போயிடுச்சு. அவர் பம்பாய்லயே இருந்துட்டார்.

சினிமாவில் பேரும் இருந்துச்சு, வருமானமும் இருந்துச்சு. நீங்களா இருந்தா என்ன பண்ணியிருப்பீங்க? அவர் மெல்ல அதைவிட்டு விலகி மேடைக்குத் திரும்பினார். 1950-களின் கடைசியில் இருந்து சிதார் மேதை ரவிசங்கரோட நிரந்தரக் கூட்டாளி ஆனார். இந்த ஜோடிதான் அடுத்த பல வருஷங்களுக்கு உலகம் சுத்தப்போற ஜோடி.

16-க்குள்ள ஒரு 17

அடுத்து பாரிஸ் போகணும். அதுக்கு முன்னாடி சின்னதா ஒரு கணக்கு பார்த்துடலாம், பயப்படாதீங்க.

இந்துஸ்தானியில் அதிகம் புழங்குற தாளம் தீன்தால். 16 எண்ணிக்கை. 16 முடிஞ்சதும் திரும்ப ஒண்ணு. கடிகார முள் மாதிரி சுத்திக்கிட்டே இருக்கும். அந்த முதல் எண்ணிக்கைக்கு அங்க 'சம்'னு பேர். நம்ம ஊர் கச்சேரியில் சம எடுப்புன்னு சொல்றாங்களே, அதே வார்த்தைதான். பாடுறவரும் வாசிக்கிறவரும் எங்கெங்கேயோ சுத்திட்டு அந்த சமத்தில் வந்து சேருவாங்க. அப்போ சபை தலையாட்டும்.

இப்போ வேடிக்கையைப் பாருங்க. அஞ்சு தட்டு கொண்ட ஒரு துண்டை எடுத்துக்கங்க. அதை வாசிச்சிட்டு ஒரு எண்ணிக்கை சும்மா இருங்க. திரும்ப அஞ்சு, திரும்ப ஒரு இடைவெளி. மூணாவது தடவை அஞ்சு. கூட்டினா 17 வரும். 16 எண்ணிக்கைத் தாளத்தில் 17-வதுன்னா அது எது? அடுத்த சுற்றோட முதல் எண்ணிக்கை! ஆக, கடைசித் தட்டு நேரா சமத்தில் போய் விழும். பரதநாட்டிய அரங்கேற்றத்தில் ஒரே ஜதியை மூணு தடவை சொல்லி டக்குனு முடிப்பாங்களே, அந்தத் தீர்மானத்தோட அண்ணன் தம்பிதான் இது. வடக்கே இதுக்குப் பேர் திஹாய்.

அல்லா ரக்கா இந்த விளையாட்டில் ராஜா. ஏழு, பத்து, பதினொண்ணுன்னு எந்தத் தாளமா இருந்தாலும் ரெண்டு, மூணுன்னு சின்னத் துண்டுகளா உடைப்பார். உடைச்சதைச் சேர்ப்பார், நீட்டுவார், குறைப்பார். கேட்கிறவங்களுக்கு இனி சமம் கிடைக்காதுன்னு தோணுற இடத்தில் சிரிச்சுக்கிட்டே அதில் வந்து நிப்பார். அந்தச் சிரிப்பை யூடியூபில் இருக்கிற பழைய வீடியோக்களில் நீங்களே பார்க்கலாம்.

பாரிஸ் ஸ்டூடியோவில் ஒரு ரப்பர்

1965-66 காலகட்டம். 'சப்பாக்வா'ன்னு ஒரு படம். இயக்குநர் கான்ராட் ரூக்ஸ், இசை ரவிசங்கர். பாரிஸ் ஸ்டூடியோவில் ஒலிப்பதிவு. வாசிக்க மேற்கத்தியக் கலைஞர்கள் காத்திருக்காங்க. அவங்களுக்குத் தாளில் எழுதிக் கொடுத்தாதான் வாசிக்க முடியும். ரவிசங்கரோ பாடிக் காட்டுறவர். அதைக் கேட்டு மேற்கத்தியக் குறிப்பில் எழுத ஒரு ஆள் வேணும். அப்போ பாரிஸில் நாடியா பூலான்ஷேங்கிற கறாரான டீச்சரிடம் படிச்சிட்டிருந்த அமெரிக்க மாணவருக்கு அந்த வேலை கிடைச்சது. அவர்தான் பிலிப் கிளாஸ். வயசு முப்பதைத் தொடலை.

கிளாஸ் எழுதினார், கலைஞர்கள் வாசிச்சாங்க. ஆனா, ஏதோ சரியில்லை. கூடவே உட்கார்ந்திருந்த அல்லா ரக்கா தலையை ஆட்டி மறுத்தார். திருத்தி எழுதினார் கிளாஸ். திரும்பவும் தப்புன்னாரு. அழுத்தம் விழக் கூடாத இடத்தில் விழுது!

பிரச்னை எங்க இருந்துச்சு தெரியுமா? மேற்கத்தியக் குறிப்பில் மூணோ நாலோ எண்ணிக்கைக்கு ஒரு தடவை நெட்டுக்கோடு போட்டுக் கட்டம் கட்டுவாங்க. கட்டத்தோட முதல் தட்டை வாசிக்கிறவர் பழக்கத்தில் கொஞ்சம் அழுத்திடுவார். பள்ளிக்கூட அணிவகுப்பில் லெஃப்ட்டுக்கு மட்டும் கால் ஓங்கி விழுமே, அப்படி. கோட்டை இங்க போட்டாலும் அங்க போட்டாலும் ஏதோ ஒரு தட்டு பெரிய மனுஷன் ஆயிடும், மத்ததெல்லாம் அதுக்குக் கைகட்டி நிக்கும்.

அல்லா ரக்கா திரும்பத் திரும்பச் சொன்னது ஒரே விஷயம்தான். எல்லா ஸ்வரமும் சமம்.

நேரம் ஓடுது, ஸ்டூடியோவில் ஆட்கள் காத்திருக்காங்க. வேற வழி தெரியாம கிளாஸ் ரப்பரை எடுத்து எல்லாக் கோட்டையும் அழிச்சார். அழிச்சிட்டுப் பார்த்தா, தாளில் கட்டங்கள் இல்லை. ஒரு ஆறு மாதிரி ஸ்வரங்கள் வரிசையா ஓடிட்டிருந்துச்சு. அந்த ஓட்டத்துக்குள்ள ரெண்டும் மூணுமா சின்னச் சின்னத் துண்டுகள் கைகோத்து ஒரு பெரிய சுற்றை உருவாக்குறது கண்ணில் பட்டுச்சு. வருஷக்கணக்கா இசை படிச்சவருக்கு அது அன்னிக்குத்தான் புரிஞ்சது. இதை அவரே பின்னாளில் பல தடவை சொல்லியிருக்கார்.

அதோட விடலை கிளாஸ். இந்தியாவுக்கு வந்து சுத்தினார். 1967-ல் நியூயார்க் சிட்டி காலேஜில் ரவிசங்கர் வகுப்பெடுத்தப்போ, அல்லா ரக்காவிடம் தனியா தபேலா பாடமும் எடுத்துக்கிட்டார்.

மேஜையைத் தட்டினா இசையா?

அடுத்து கிளாஸ் எழுதினதைப் பாருங்க. 1968-ல் ஒரு படைப்பு. பேர் '1+1'. வாத்தியம்? ஒரு மேஜை! மேஜைப் பலகையில் சின்ன மைக்கை ஒட்ட வெச்சு, அதில் விரலால் தட்டணும். அவ்வளவுதான். காலேஜில் கடைசி பெஞ்சில் நாம பண்ணினதை ஒருத்தர் கச்சேரியாவே ஆக்கிட்டார்.

அதில் ரெண்டே ரெண்டு துண்டு. முதல் துண்டு, ரெண்டு குறுந்தட்டும் ஒரு நெடுந்தட்டும். நம்ம சொல்லில் 'தகதா'ன்னு வெச்சுக்கலாம். ரெண்டாவது, ஒரே ஒரு நெடுந்தட்டு, 'தா'. இதை வெச்சு வாசிக்கிறவரே கணக்கா அடுக்கிக்கணும். தகதா தா. தகதா தகதா தா. தகதா தகதா தகதா தா. இப்படி ஒண்ணு ஒண்ணா கூட்டலாம், அப்புறம் அதே வழியில் குறைக்கலாம். அதே வருஷத்து 'டூ பேஜஸ்' படைப்பு அஞ்சு ஸ்வரத்தில் தொடங்கி, இதே மாதிரி கூட்டிக் குறைச்சு நிமிஷக்கணக்கில் நிக்காம ஓடும். 1969-ல் 'மியூசிக் இன் ஃபிஃப்த்ஸ்'. அமெரிக்க மினிமலிசத்தோட ஆரம்ப அத்தியாயத்தில் இவை எல்லாத்துக்கும் நிரந்தர இடம் உண்டு.

இங்க ஒண்ணு நேர்மையா சொல்லிடணும். மினிமலிசத்தை அல்லா ரக்காதான் கண்டுபிடிச்சார்னு வாட்ஸ்அப் ஃபார்வர்டு போட்டுடாதீங்க. டெர்ரி ரைலி எனும் இன்னொரு அமெரிக்கர் 'இன் சி'யை 1964-லயே எழுதிட்டார். கிளாஸும் தபேலாவை அப்படியே காப்பி அடிக்கலை. நம்ம முறையில் தாளச் சுற்று மாறாது. 16-ன்னா கடைசி வரைக்கும் 16-தான். உள்ளே இருக்கிற துண்டுகள்தான் வளரும், தேயும். நம்ம கர்நாடக இசையில் இதுக்கு அழகான பேர்களே இருக்கு: ஆறு மாதிரி விரிஞ்சுக்கிட்டே போனா ஸ்ரோதோவஹ யதி, மாட்டு வால் மாதிரி குறுகிக்கிட்டே வந்தா கோபுச்ச யதி. கிளாஸ் என்ன பண்ணினார்னா, சுற்றையே வளர விட்டுட்டார். அல்லா ரக்கா கொடுத்த சாவியை வெச்சு அவர் திறந்தது வேற ஒரு கதவு.

அந்தக் கதவு ஒண்ணும் லேசில் திறக்கலை. ஐரோப்பாவில் ஒரு கச்சேரியில், இந்தத் தொடர் வாசிப்பைத் தாங்க முடியாம ஒருத்தர் மேடையேறி வந்து கீபோர்டைத் தட்டிக் கலாட்டா பண்ண, ஒரு கையால் வாசிச்சுக்கிட்டே இன்னொரு கையால் அவருக்கு ஒரு குத்து விட்டதா கிளாஸே நினைவுகூர்ந்திருக்கார். நியூயார்க்கில் குழாய் ரிப்பேர் பார்த்தார், டாக்ஸி ஓட்டினார். 1976-ல் அவரோட 'ஐன்ஸ்டைன் ஆன் தி பீச்' ஓபரா நியூயார்க்கின் மெட்ரோபாலிடன் ஓபரா ஹவுஸில் நடந்துச்சு. ஹவுஸ்ஃபுல். அதுக்கப்புறமும் கொஞ்ச காலம் டாக்ஸி ஓட்டிட்டுத்தான் இருந்தார். அந்த ஓபராவில் குழுவினர் பாடுற வரிகள் என்ன தெரியுமா? ஒன், டூ, த்ரீ, ஃபோர்னு எண்கள்! தாளம் எண்ணுறதையே பாட்டாக்கிட்டார். ஜதி சொல்லிக் கேட்டு வளர்ந்த நமக்கு இதில் பெரிய ஆச்சரியம் இல்லை. அவங்களுக்கு இருந்துச்சு.

பக்கத்தில் உட்கார்ந்தவர்

இந்தப் பக்கம் அல்லா ரக்கா என்ன பண்ணிட்டிருந்தார்?

1967 ஜூன் 18, கலிஃபோர்னியாவில் மான்டரே பாப் விழா. ரவிசங்கர் சிதார், அல்லா ரக்கா தபேலா. ஜிமி ஹென்ட்ரிக்ஸ் கிடாரைக் கொளுத்தின அதே நாள், அதே விழா. அந்த விழாவைப் பத்தின ஆவணப்படம் முடியறதே இவங்க வாசிப்போடதான். கடைசியில் சிதாரும் தபேலாவும் ஒருத்தரை ஒருத்தர் துரத்த, மொத்தக் கூட்டமும் எழுந்து நிக்கும். 1969 ஆகஸ்ட் 15, வுட்ஸ்டாக் விழா. கொட்டுற மழையில் வாசிப்பு. 1971 ஆகஸ்ட் 1, நியூயார்க் மேடிசன் ஸ்கொயர் கார்டனில் வங்கதேச அகதிகளுக்கான நிதிக் கச்சேரி. அங்க வாத்தியங்களுக்குச் சுருதி சேர்த்து முடிச்சதுமே கச்சேரி முடிஞ்சதுன்னு நினைச்சு கூட்டம் கைதட்டிடுச்சு. சுருதி சேர்த்ததையே இவ்வளவு ரசிச்சா, கச்சேரியை இன்னும் ரசிப்பீங்கன்னு ரவிசங்கர் மைக்கில் கலாய்ச்சது இன்னிக்கும் வைரல் கிளிப்.

நடுவில் 1968-ல் பட்டி ரிச் எனும் அமெரிக்க ஜாஸ் டிரம்மரோட சேர்ந்து ஒரு ஆல்பமும் வந்துச்சு. வேகத்துக்குப் பேர்போன ஆள் அவர். ராக் டிரம்மர்கள் தேடி வந்து கத்துக்கிட்டாங்க. கிரேட்ஃபுல் டெட் குழுவோட மிக்கி ஹார்ட் அதில் ஒருத்தர்.

ஆனா, இதுக்குப் பின்னாடி ஒரு வலி உண்டு. அந்தக் காலத்தில் தபேலாக்காரர் பக்கவாத்தியம், அவ்வளவுதான். பல இசைத்தட்டு உறைகளில் அவர் பேரே இருக்காது. சம்பளமும் மரியாதையும் மெயின் ஆர்ட்டிஸ்ட்டுக்குப் பிறகுதான். விவசாய வீட்டில் இருந்து வந்த ஒருத்தர், எல்லா ஸ்வரமும் சமம்னு ஒரு அமெரிக்க மாணவரிடம் அத்தனை பிடிவாதமா நின்னாரே, அதை நினைச்சுப் பாருங்க. மேடையில் தனக்குக் கிடைக்க வேண்டிய இடமும் அந்தப் பிடிவாதத்தில் ஒளிஞ்சிருந்துச்சோன்னு எனக்குத் தோணும். ரவிசங்கர் மேடையிலேயே அவருக்குத் தனி வாசிப்பு கொடுத்தார், கேள்வி பதிலா மோத இடம் கொடுத்தார். அல்லா ரக்கா கிடைச்ச அந்த இடத்தை அப்படியே விரிச்சார். தபேலாவைக் கேட்கிறதுக்குன்னே டிக்கெட் வாங்குற கூட்டம் அவர் தலைமுறையில்தான் பெருகுச்சு. 1977-ல் பத்மஸ்ரீ, 1982-ல் சங்கீத நாடக அகாடமி விருது.

காதில் சொன்ன ஜதி

1951 மார்ச் 9. அல்லா ரக்கா வீட்டில் மகன் பிறந்தான். குழந்தையைக் கையில் வாங்கி, காதில் பிரார்த்தனை சொல்றது அவங்க வழக்கம். இவர் தபேலாச் சொற்கட்டு சொன்னாராம்! தா தின் தா தின்னு. வீட்டம்மா கோபப்பட, எனக்கு இதுதான் பிரார்த்தனைன்னு சொல்லிட்டாராம். அந்தக் குழந்தைதான் ஜாகிர் உசேன். இந்தக் கதையை ஜாகிரே பல மேடைகளில் சிரிக்கச் சிரிக்கச் சொல்லியிருக்கார்.

ஏழு வயசில் இருந்து பாடம். எத்தனை மணிக்குத் தெரியுமா? விடியக்காலை மூணு மணிக்கு! உங்களில் சிலருக்கு நைட் ஷிஃப்ட்டில் கண்ணு சொருகுற நேரம். அப்பாவும் மகனும் உட்கார்ந்து, தபேலாவைத் தொடாம, வாயாலேயே சொற்கட்டைச் சொல்லிச் சொல்லிப் பழகுவாங்க, ஆறு மணி வரைக்கும். தாளம் முதலில் மனசில் நிக்கணும், விரல் அப்புறம் தானா வரும்ங்கிறது அப்பாவோட முறை. ஜாகிர் மட்டும் இல்லை, ஃபசல் குரேஷி, தௌஃபிக் குரேஷின்னு இன்னும் ரெண்டு மகன்களும் தாளத்துக்கே வாழ்க்கையைக் கொடுத்தாங்க. வெளியில் இருந்து வந்த பிள்ளைகளுக்காக 1985-ல் மும்பையில் இசைப் பள்ளியும் தொடங்கினார். மாணவர்களுக்கு அவர் அப்பாஜி. தான் கக்வாலில் இருந்து எந்த சிபாரிசும் இல்லாம வந்தது அவருக்கு மறந்திருக்காதுதானே?

ஜாகிர் நம்ம ஊர் கடம் வித்வான் விக்கு விநாயக்ராமோட சேர்ந்து 'சக்தி' குழுவில் கலக்கினதும், 2024 பிப்ரவரியில் ஒரே ராத்திரியில் மூணு கிராமி வாங்கினதும், அதே வருஷம் டிசம்பர் 15-ல் 73 வயசில் நம்மைவிட்டுப் போனதும் உங்களுக்குத் தெரியும். அந்தக் கதை தொடங்கின இடம், ஒரு அப்பா காதில் சொன்ன ஜதி.

கடைசி ராத்திரி

2000, பிப்ரவரி ஆரம்பம். அல்லா ரக்காவுக்கு 80 வயசு. அவரோட மகள்களில் ஒருத்தர், கண்புரை அறுவை சிகிச்சையின்போது ஏற்பட்ட சிக்கலில் இறந்துபோனார். அந்தச் சேதி வீட்டுக்கு வந்த ராத்திரி விடியறதுக்குள்ள, பிப்ரவரி 3-ம் தேதி, அல்லா ரக்காவின் இதயமும் நின்னுபோச்சு. மும்பை நேப்பியன் ஸீ ரோடு வீட்டில். ஒரே வீட்டில், ஒரே நேரத்தில் ரெண்டு சாவு. வாழ்க்கை முழுக்க எந்தச் சிக்கலான கணக்கில் இருந்தும் சமத்துக்குத் திரும்பி வந்த மனுஷன், அந்த ஒரு ராத்திரியில் இருந்து திரும்பி வரலை.

கணக்கு யாரோடது?

இப்போ திரும்ப வல்லம் வடகால் பஸ்ஸுக்கு வருவோம்.

இவ்வளவும் சொல்லிட்டு, லைன் வேலையும் ஒரு இசைதான், ரசிச்சுச் செய்யுங்கன்னு அட்வைஸ் பண்ண நான் வரலை. நின்னுக்கிட்டே வேலை பார்த்தா கால் வீங்கும். ஒரே திருப்பைத் திருப்பினா மணிக்கட்டு வலிக்கும். அங்க எண்ணிக்கையை வேற யாரோ போடுறாங்க. மணிக்கு இத்தனைன்னு போர்டில் எழுதுறாங்க. நீங்க அந்த எண்ணிக்கைக்குள்ள ஓடுறீங்க.

அல்லா ரக்காவும் ஒரே 16-ஐத்தான் அறுபது வருஷத்துக்கும் மேல திரும்பத் திரும்ப எண்ணினார். ஆனா, அந்த 16-க்குள்ள எதை வைக்கிறது, எங்க நிக்கிறது, எப்போ சமத்தில் இறங்குறதுங்கிறதெல்லாம் அவர் கையில் இருந்துச்சு. திரும்பச் செய்றதில் அலுப்பு வர்றதும் வராததும் அங்கதான் இருக்குன்னு நினைக்கிறேன், கணக்கு யார் போடுறதுங்கிறதில்.

அதனாலதான் முன்சீட்டுக் கம்பியில் தட்டிக்கிட்டு வர்ற அந்த விரலை எனக்குப் பிடிச்சிருக்கு. எட்டு மணி நேரம் வேற யாரோட கணக்குக்கோ ஓடிட்டு, வீடு போய்ச் சேர்ற அந்த அரை மணி நேரத்தில் அது தன் கணக்கைப் போட்டுக்குது.

இன்னிக்கு பஸ் ஏறினதும் ஒண்ணு பண்ணுங்க. யூடியூபில் அல்லா ரக்காவோட தீன்தால் தனி வாசிப்பு ஏதாவது ஒண்ணைத் தேடிப் போடுங்க. விரலை மடக்கி 16 வரைக்கும் எண்ணுங்க. முதல் ரெண்டு சுற்றில் தொலைஞ்சுபோவீங்க, பரவாயில்லை, எல்லாரும் தொலைவாங்க. அடுத்து பிலிப் கிளாஸோட '1+1' போடுங்க. அப்புறம் இயர்போனைக் கழட்டிட்டு, டிபன் பாக்ஸ் மூடி மேலயோ, முன்சீட்டுக் கம்பி மேலயோ தட்டிப் பாருங்க. தகதா தா. தகதா தகதா தா. தகதா தகதா தகதா தா.

எந்தத் தட்டையும் அழுத்தாதீங்க. எல்லாம் சமம்.